மஞ்சள் கட்டத்தில் சேராத முகம்

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை என்று ரிப்பேர்காரர் சொன்னதும் அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று வாரம் வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொல்லி இழுத்தடித்துவிட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று கையை விரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

“ஒண்ணுமில்லேன்னா எப்படி சார்? வரிசையா மூணு படம் கலங்கி வந்திருக்கு. என் தம்பி என்ன கை நடுங்குற ஆளா?”

“கை நடுங்கலம்மா. நடுங்கினா படம் முழுக்க இழுத்த மாதிரி இருக்கும். இதைப் பாருங்க.” தம்பி கொடுத்தனுப்பிய படங்களில் ஒன்றை விளக்குக்கு அடியில் வைத்தார். “முகம்தான் கலங்கியிருக்கு. பின்னாடி ஆணியில தொங்குற சாவிக்கொத்து எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க. ஆளை விட்டுட்டு சாவியைப் படம் எடுத்திருக்காரு.”

அக்கா பார்த்தாள். அவள் முன்பே பார்த்ததுதான். ஆயத்த ஆடை கம்பெனியில் முப்பது வருஷமாகச் செக்கர் வேலை. நூல் பிசிறு, தையல் தாவல், பொத்தான் அரை நூல் தள்ளி உட்கார்ந்திருப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ‘ஸ்கேல் அம்மா’ என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். அந்தக் கண்ணுக்குச் சாவிக்கொத்து தெரியாமலா போகும்? தெரிந்தும் தம்பியிடம், “நல்லாத்தான்டா வந்திருக்கு, வெளிச்சம்தான் கொஞ்சம் கம்மி” என்று சொல்லியிருந்தாள்.

ரிப்பேர்காரர் கேமராவைக் கையில் எடுத்துக் காட்டினார். ஃபிலிம் போடும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கும் சன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி வரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி, பொத்தானை அழுத்தலாம். அவ்வளவுதான் கணக்கு.

“தூரத்துல இருக்கிற தண்ணி டேங்க்ல வச்சுப் பார்த்தேன், சேருது. டேப் பிடிச்சு ஒரு மீட்டர்ல வச்சுப் பார்த்தேன், சேருது. அப்புறமும் மனசு கேக்காம நானே ஒரு ரோல் போட்டு எடுத்தேன்.” ஒரு கத்தைப் படங்களை எடுத்து விரித்தார். சுவரில் ஒட்டிய செய்தித்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஊசி முனை மாதிரி இருந்தது. “உங்க தம்பி எந்தக் கண்ணால பாப்பாரு?”

“வலது கண்ணு. அதுக்கென்ன?”

“அந்தக் கண்ணை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கம்மா. தள்ளிப் போடாதீங்க.”

அக்கா கேமராவை வாங்கித் துணிப்பையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“சார், அவன் போன் பண்ணிக் கேட்டா, உள்ள ஒரு திருகு லூசாயிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க.”

“நான் பண்ணாத வேலையைப் பண்ணேன்னு எப்படிம்மா சொல்றது?”

“டாக்டர் விஷயத்தை நான் பாத்துக்கறேன். நீங்க இதை மட்டும் சொல்லுங்க.”

அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அது ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி.

தம்பி அவளுக்கு ஆறு வயது இளையவன். ஏழு வயதில் தடிமனான கண்ணாடி போட்டவன். தெருப் பிள்ளைகள் “சோடாபுட்டி, சோடாபுட்டி” என்று பின்னாலேயே ஓடுவார்கள். அக்கா ஒருநாள் அவர்களில் ஒருவனைப் பிடித்து, காதைத் திருகி, “என் தம்பிக்குக் கழுகுக் கண்ணுடா, உனக்குத்தான் முட்டைக் கண்ணு” என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்குச் சொன்னதைப் பிறகு அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். நம்பும்படிதான் தம்பியும் வளர்ந்தான். அவள் எட்டாவதோடு நிறுத்தினாள், அவன் பன்னிரண்டாவது பாஸ் செய்தான். பஸ் பணிமனையில் உதிரிபாக ஸ்டோரில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஸ்டோர் முழுக்க அவன் பொறுப்புக்கு வந்தது.

பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “இது இன்னும் ஆறு மாசம் ஓடும், போய் மாட்டு” என்பான். புதுசு வேண்டுமென்று வருகிற மெக்கானிக்கிடம் முதலில் பழசைக் கேட்பான். பழசைக் கண்ணால் பார்க்காமல் புதுசை எடுத்துக் கொடுத்த சரித்திரமே கிடையாது. அதனால் பணிமனையில் அவன் பெயரே ‘பழசு’ ஆகிவிட்டது. “பழசு இருக்காரா?” என்று சன்னலில் தலையை நீட்டிக் கேட்பார்கள். அவனும், “இருக்கேன், இன்னும் ஸ்கிராப்புக்குப் போகல” என்பான்.

கேமரா வந்ததும் அந்த ஸ்டோர் சன்னல் வழியாகத்தான். ஊரைக் காலி செய்துகொண்டு போன எஞ்சினியர் ஒருவர், “நீதான் பழசை மதிக்கிற ஆளு” என்று அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் ரோலை அக்கா வீட்டில்தான் எடுத்தான். எல்லோரையும் தலை சீவி, பவுடர் போட்டு, வரிசையாக நிற்க வைத்தான். லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. இந்த வகைக் கேமராவில் பார்க்கிற சன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. மூடி இருந்தாலும் பார்ப்பவனுக்கு எல்லாம் ஜோராகத் தெரியும். முப்பத்தாறும் அமாவாசையாக வந்தது. “பரவாயில்லடா, நாங்க எல்லாரும் ஒரே நிறமா வந்திருக்கோம்” என்று அக்கா சொன்னதை இன்றுவரை வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு அவனாகவே ஒரு வேலையை ஏற்படுத்திக்கொண்டான். பணிமனையில் யார் ஓய்வு பெற்றாலும், கடைசி நாள் அன்று, அவர் வேலை செய்த இடத்திலேயே நிற்க வைத்து ஒரு படம். ஒரே ஒரு படம்தான், இரண்டாவது கிடையாது. “ஏம்பா, போன்ல பத்து எடுத்து நல்லதா ஒண்ணை வச்சுக்கலாமே?” என்று கேட்டால், “ஒண்ணுதான் எடுப்பேன்னு தெரிஞ்சா மனுஷன் ஒழுங்கா நிப்பான்” என்பான். மேலதிகாரி வந்து மாலை போடுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பழசு’ எப்போது படம் எடுக்க வருவார் என்றுதான் காத்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் ஒரு பிரதி, ஆல்பத்துக்கு ஒரு பிரதி. ஆல்பத்தில் ஒட்டுவது அக்கா. ஓரம் கோணாமல் ஒட்டி, கீழே தேதியும் அவர் செய்த வேலையும் அவள்தான் எழுதுவாள்.

அந்த நாற்பத்தொன்றில் கடைசி மூன்றுதான் கலங்கிப் போயின. செப்டம்பரில் வெல்டர், டிசம்பரில் டயர் பிரிவு மேஸ்திரி, பிப்ரவரியில் கேன்டீன் அம்மா.

ஏப்ரல் பன்னிரண்டு அன்று அவள் தம்பி வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

“என்னக்கா சொன்னாரு?”

சொல்லிவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்தாள். எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று இரண்டு முறை ஒத்திகைகூடப் பார்த்தாள். ஆனால் அவன் கையை நீட்டி, கேமராவை வாங்கி, ஒரு குழந்தையை வாங்குவதுபோல அடியில் கை கொடுத்துப் பிடித்ததைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

“ஏதோ திருகு லூசாம். முடுக்கிட்டாராம்.”

“பாத்தியா, நான் சொன்னேன்ல! வீட்டுல ஒருத்தி புதுசு வாங்கு, புதுசு வாங்குன்னு காதைத் தின்னுட்டா.”

உள்ளே இருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. “ஆமா, என்னைத் தவிர எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணி வச்சுக்குவாரு. அண்ணி, டீ குடிச்சிட்டுப் போங்க.”

டீ குடிக்கும்போது அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். “டேய், உன் கண்ணாடி பவர் மாத்தி எத்தனை வருஷமாச்சு? ஒருதடவை டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாமா?”

“ஏன், எனக்கென்ன? பேப்பர் படிக்கிறேன், பார்ட் நம்பர் படிக்கிறேன். ஸ்டோர்ல மூணும் எட்டும் குழம்பினதே இல்ல. உனக்கு வேணும்னா சொல்லு, கூட்டிட்டுப் போறேன்.”

“அதுக்கில்லடா...”

“எதுக்கு?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

அவன் சொன்னதும் பொய்யில்லை. இடது கண் எல்லாப் பாரத்தையும் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கிற வரைக்கும் குறை தெரிய வழியே இல்லை. வலது கண் தனியாக உலகத்தைப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்தச் சன்னல்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தாள். அடுத்த வாரம் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் வந்தது. அதற்கடுத்த வாரம் தம்பிக்கு ஸ்டோரில் இருப்புக் கணக்கெடுப்பு. இப்படித்தான் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்து கதவைத் தட்டியது. கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தவள் அவள்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்கேல் வைத்து அளக்கிற மனுஷிக்கு இது ஒன்றை மட்டும் அளக்கக் கை வரவில்லை.

மே முப்பத்தொன்று. பணிமனை பெயிண்டர் ஓய்வு பெற்றார். பஸ்களின் பக்கவாட்டில் நம்பர் எழுதுகிற மனிதர். தூரிகையை எடுத்தால் ஸ்டென்சில் தோற்றுப்போகும். ஆனால் வாயில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. தம்பியிடம் மட்டும் ஒரு வாரத்துக்கு முன்பே வந்து, “பழசு சார், என்னை அந்த எழுபத்தொண்ணாம் நம்பர் வண்டிக்குப் பக்கத்துல வச்சு எடுங்க. அந்த நம்பர்தான் எனக்குப் பிடிச்ச மாதிரி வந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாளே அவர் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார்.

அக்கா அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்திருக்கலாம். தம்பி வளையத்தைத் திருகினான். முன்னே திருகினான், பின்னே திருகினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

“அசையாதீங்க அண்ணே.”

பெயிண்டர் அசையவே இல்லை. வண்டியோடு வண்டியாக நின்றார்.

“அசையாதீங்கன்னு சொல்றேன்ல.”

சுற்றி நின்றவர்களில் ஒரு மெக்கானிக், “பழசு, அவரு செத்தாத்தான் இதைவிட அசையாம நிப்பாரு, அமுக்குய்யா!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? இத்தனை பேருக்கு நடுவில், ‘நிறுத்துங்க, என் தம்பிக்குக் கண் தெரியவில்லை’ என்றா? கேமரா க்ளிக் என்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படம் வந்தது. எழுபத்தொன்று என்ற எண் பெயிண்ட் காயாத மாதிரி மின்னியது. அதற்கு ஓரடி முன்னால் நின்றிருந்த மனிதருக்கு முகம் இல்லை. நனைந்த தாளில் வரைந்த மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. தம்பி அந்தப் படத்தை மகன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பி வைத்தான். பத்து நாள் கழித்துப் பெயிண்டரிடமிருந்து போன் வந்தது. “நம்பர் ரொம்ப நல்லா விழுந்திருக்கு சார், ரொம்ப சந்தோஷம்” என்றாராம். தன் முகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் தம்பி, “போதும்க்கா, மாத்திடலாம்” என்றான்.

பணிமனையில் ஒரு பெரிய சாமானை ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க அவன் எப்போதும் செய்வதைப் போலவே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டான். இடதுபக்கம் ரிப்பேர், வலதுபக்கம் மாற்றல். ‘ஒருமுறை திருகு முடுக்கியும் பயனில்லை’ என்று இடப்பக்கம் எழுதினான். எழுதிவிட்டு அவளைப் பார்த்து, “வேற ஏதாவது விட்டுப்போச்சா?” என்று கேட்டான். அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லாத திருகு, முடுக்காத திருகு. அவன் அழகான கையெழுத்தில் அது உண்மையாகவே உட்கார்ந்திருந்தது.

“இல்லடா. சரியா இருக்கு.”

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரிப்பேர்காரர் கடைக்குப் போனார்கள். அதே வகைக் கேமரா மூன்று அவரிடம் விற்பனைக்கு இருந்தன. அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

தம்பி முதல் கேமராவை எடுத்துக் கடை வாசலுக்குப் போய், எதிர்க் கட்டடத்துக் கடிகாரத்தை நோக்கிப் பிடித்தான். வளையத்தைத் திருகினான். “இது வேணாம். நடுவுல மசமசன்னு அழுக்கு.” இரண்டாவதை எடுத்தான். “இதுலயும் அதே. சார், உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு போல. நல்லா துடைச்சு வைக்கக் கூடாதா?” மூன்றாவதை எடுத்தான். இந்த முறை வெகு நேரம் பார்த்தான். திருகிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

“மூணுலயும் அதே இடத்துல இருக்கு” என்றான்.

ரிப்பேர்காரர் மேசைமேல் கிடந்த லென்ஸ் மூடிகளை அடுக்கத் தொடங்கினார்.

“எங்க ஸ்டோர்ல...” என்று தம்பி தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தான். “மூணு பெட்டியில இருந்து மூணு பேரிங் எடுத்து அளந்து பாக்குறோம்னு வைங்க. மூணுலயும் ஒரே அளவு குறையுதுன்னா, குறை பேரிங்ல இல்ல. அளக்குற கருவியிலதான்.”

கேமராவைக் கீழே வைத்தான். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, உன் மூக்கு எங்க?”

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

“காது இருக்கு. முடி இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லையேக்கா.”

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பரிசோதனை. ஜூலை இரண்டாம் தேதி டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால், பார்வையின் நடுப்புள்ளி இருக்கிற இடத்தில் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அதிகப் பவர் உள்ளவர்களுக்குச் சிலசமயம் வருவதுதான். கசிவு இருக்கும்போதே ஊசி போட்டால் நிறுத்திப் பார்க்கலாம். இவருக்கு அது காய்ந்து தழும்பாகிவிட்டது. அந்த இடத்தில் இனிப் பார்வை வராது. இடது கண்ணை மாதாமாதம் காட்ட வேண்டும்.

“எப்போ இருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டுப் பேனாவை எடுத்தார்.

“அதெல்லாம் அக்காவைக் கேளுங்க மேடம். தேதியெல்லாம் அவகிட்ட கரெக்டா இருக்கும்” என்றான் தம்பி. அந்த நேரத்திலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“போன செப்டம்பர் முப்பது. அன்னிக்கு எடுத்த படம்தான் முதல்ல கலங்கி வந்துச்சு.”

“அப்போ யாரும் கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லலையா?”

அந்தக் கேள்வியைச் சாதாரணமாகத்தான் டாக்டரம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். அக்கா மடியில் இருந்த துணிப்பையின் வாயைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“சொன்னாங்க. ஏப்ரல் பன்னிரண்டு. கேமரா ரிப்பேர்காரர் சொன்னாரு. நான்தான் இவன்கிட்ட சொல்லல.”

“அப்பவே வந்திருந்தா?” என்று அவளே கேட்டாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் அவளைப் பார்த்தார். “அப்போ எப்படி இருந்துச்சுன்னு இப்போ சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம். ஆகாமலும் போயிருக்கலாம்.”

திட்டியிருந்தால்கூட அக்காவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

இடது கண்ணுக்கு மருந்து விட வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கண்ணாடி இல்லாமல் அவன் முகம் ஏழு வயதுக்கு முந்தின முகம் மாதிரி இருந்தது. அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏப்ரல்லயே சொன்னாரா?”

“ஆமா.”

“பெயிண்டர் படம் மே மாசம்.”

“ஆமாடா.”

“அப்போ நீயும் அங்க நின்னுக்கிட்டுத்தானே இருந்தே?”

அவள் தலையை ஆட்டினாள். பிறகுதான் அவனுக்கு இப்போது அது தெரியாது என்று உணர்ந்து, “ஆமா” என்று வாயால் சொன்னாள்.

“அவரை நான் ரெண்டு தடவை அதட்டினேன்க்கா, அசையாதீங்கன்னு.” அவன் குரல் உள்ளே போயிருந்தது. “மனுஷன் மூச்சுக்கூட விடாம நின்னாரு. அவருகிட்ட இப்போ என்னன்னு சொல்றது?”

பெயிண்டருக்கு வேலை இல்லை, அந்த வண்டிக்கு அவர் பக்கத்தில் நிற்க இன்னொரு கடைசி நாளும் இல்லை. அவள் என்ன செய்தாலும், எத்தனை டாக்டரிடம் ஓடினாலும், தம்பியின் கண்ணையும் அந்தப் படத்தையும் நேர் செய்ய அவள் கையில் ஒன்றும் இல்லை.

நர்ஸ் மருந்துப் புட்டியோடு வந்தாள். “தலையைப் பின்னாடி சாய்ங்க சார். கண்ணைத் திறந்து மேல பாருங்க. எரியும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே மங்கலாத்தான் தெரியும்.”

தம்பி தலையைச் சாய்த்தான். சொட்டு விழுந்ததும் முகம் சுருங்கியது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அவன் கை பெஞ்சின் மேல் தடவிக்கொண்டே போனது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்கா, தன் கையை அங்கே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.